இன்னும் இரண்டு ராடு

பூபதிக்கு இப்போது அறுபத்து மூன்று நடக்கிறது. அவருடைய அப்பனும் ஆத்தாளும் ஆறு மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, தங்கை சென்னியம்மாளுக்கு எட்டு. அப்பன் வழியில் இரண்டு சித்தப்பன்மார், ஆத்தா வழியில் ஒரு பெரியம்மா என்று சொந்தம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் விசேஷத்துக்கு வந்து இலையில் உட்கார்ந்து எழுந்து போகிற சொந்தம் வேறு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தலை சீவி விடுகிற சொந்தம் வேறு. பெரியம்மா தலை சீவி விட்டாள். பூபதி ரிக்கு வண்டிக்குப் போனார்.

எலச்சிபாளையம், திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் லாரி இல்லாவிட்டால் ரிக்கு. பூமியில் ஆழ்துளை போடுகிற அந்த வண்டியில் ராடு தூக்கி மாட்டுகிற ஆளாகத்தான் சேர்ந்தார். ஒரு ராடு இருபது அடி நீளம். ஒன்று இறங்கி முடிந்ததும் அதன் தலையில் அடுத்ததைத் திருகி மாட்ட வேண்டும். ஆறு வருடம் மாட்டினார். பிறகு நெம்புகோலைப் பிடித்து நிற்கிற டிரில்லர் ஆனார். ஆந்திரா, மராட்டியம், ஒரிசா என்று வண்டி எங்கெல்லாமோ போனாலும் அதிக நாள் நின்றது பெங்களூரில்தான். கம்ப்ரசர் சத்தம் இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியும் தின்றுவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலும் நாலு காட்டுக்குக் கேட்கும்.

பெங்களூரில் எந்தப் பேட்டையைச் சொன்னாலும் அவர் ஆழத்தைத்தான் சொல்லுவார். இங்கே நானூறு அடியில் கல் மாறும், அங்கே எழுநூறு வரைக்கும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகை, இன்ன ஏரிக்குத் தென்புறம் இருநூறிலேயே ஊற்று என்று விரல் மடக்குவார். ஆனால் ஊரைக் கேட்டால் தெரியாது.

"இருபத்தெட்டு வருசம் போயிட்டு வந்தீங்களே மாமா, லால்பாக் பாத்திருக்கீங்களா? விதான சௌதா?" என்று கிருத்திகா கேட்டாள். சென்னியம்மாளின் ஒரே மகள் அவள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

"நான் எங்க சாமி மேல பாத்தேன்? கீழயேதான் பாத்துட்டு இருந்தேன்."

மூன்று வருடமாக அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் எருமையைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். இந்தத் தடவை அவள் லீவுக்கு வந்திருந்தபோது, அவராகவே அவள் பக்கம் நல்ல காதைத் திருப்பி, "ஏஞ்சாமி, உத்தரஹள்ளிங்கறது நீ இருக்கற எடத்துக்குப் பக்கமா?" என்று கேட்டார்.

"பக்கந்தான் மாமா, அரை மணி நேரம். அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சௌந்திரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தஞ்சு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, தன் புருஷன் சும்மா கேட்கிற ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் அவளுக்குமே தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது.

அது இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். சென்னியம்மாளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். ஒன்பதாவது வருடம் கிருத்திகா பிறந்தாள். குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதற்கு ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை, விடிகாலை ஆறு மணிக்கு என்று நாள் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். சென்னியம்மாளுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல ஒரே அண்ணன். அவன் மடி இல்லையென்றால் பங்காளி மடியைக் கடன் வாங்க வேண்டும். மாமியார் வீட்டார் அதைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அப்போது பூபதியின் வண்டி பெங்களூர் உத்தரஹள்ளியில் நின்றது. செவ்வாய்க்கிழமை முடிய வேண்டிய வேலை. கம்ப்ரசர் படுத்துக்கொண்டதில் இரண்டு நாள் போய்விட்டது. வியாழக்கிழமை மத்தியானம் முப்பத்திரண்டாவது ராடு இறங்கியது. அறுநூற்று நாற்பது அடி. அதுவரைக்கும் வெறும் புகை. அந்த ராடு முடிகிற நேரத்தில் குழியிலிருந்து வந்த தூளை அவர் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். டிரில்லருக்கு அதுதான் கணக்கு. தூள் ஊதினால் பறக்க வேண்டும். அது பறக்கவில்லை. ஒட்டியது. பொட்டு ஈரம்.

இன்னும் ஒன்றிரண்டு ராடு இறக்கினால் தண்ணீர் வரலாம். வராமலும் போகலாம். ஆனால் வந்துவிட்டால் அவர் நகர முடியாது. கலங்கல் தெளிகிற வரைக்கும் மூன்று நாலு மணி நேரம் காற்றடித்துக் குழியைக் கழுவ வேண்டும். அப்புறந்தான் ராடைக் கழற்ற வேண்டும். கடைசிப் பஸ் போய்விடும். கோயிலில் அவருடைய மடி இருக்காது.

பூபதி உள்ளங்கையை லுங்கியில் துடைத்தார். வீட்டுக்காரரிடம் போய், "கல்லு மாறவே இல்லீங்க. இதுக்கு மேல போட்டாத் தண்டம்" என்றார். ராடைக் கழற்றச் சொன்னார்.

ரிக்கு ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்த மனையில் வீட்டுக்காரர் சோறு போடுவார், உட்கார்ந்து சாப்பிடலாம். புகை வந்த மனையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அந்த வீட்டு இளம்பெண், தண்ணீர் இல்லை என்றான பிறகும், ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பூபதி, "வழக்கமில்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் விடியக் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. சென்னியம்மாள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் அவர் பார்த்ததில்லை. அதனால் வெகு காலம் அந்தக் குழியைப் பற்றி அவர் நினைக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய காட்டுக் கிணறு வற்றிப் போய் ஒரு ரிக்கைக் கூப்பிட்டபோதுதான் எல்லாம் திரும்பி வந்தது. எழுநூறு அடியில் அந்தச் சின்ன வயசு டிரில்லர் வந்து, "இனி இல்லீங்கய்யா" என்றான்.

"கையக் காட்டு கண்ணு."

அவன் காட்டினான். காய்ந்த வெள்ளைத் தூள். ஊதியதும் பறந்தது. பையன் பொய் சொல்லவில்லை. பூபதிக்குத்தான் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டுக்காரர் அன்றைக்குத் தன்னிடம் கையைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லையே என்று தோன்றியது. கேட்கத் தெரியாத ஆளை ஏமாற்றியது தனிப் பாவம் போலப் பட்டது. அந்தக் குழியில் தண்ணீர் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று நாலு வருடமாய் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரை மணிக்குக் கிருத்திகாவின் காரில் கிளம்பினார்கள். சாயங்காலம் ஐந்தே கால் பஸ்ஸுக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தது. காலைப் பாலைப் பக்கத்துக் காட்டு முத்தாயம்மாள் கறந்துகொள்வாள், சாயங்காலமும் அவளேதான். ஆனால் அடுத்த நாள் காலைக்கு எருமை சௌந்திரத்தின் கையைத்தான் தேடும்.

"அந்தச் சுட்டி எருமை என்னைத் தவர யாரையும் கிட்டச் சேக்காது. மொத நாளே முத்தாயாளை ஒதச்சிரும்" என்று சங்ககிரி தாண்டுவதற்குள் மூன்று தடவை சொன்னாள்.

"அத்தை, எருமைக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்" என்றாள் கிருத்திகா.

"போட்டிருந்தா உங்க மாமனுக்குத் தொணையா இருந்திருக்கும். ரண்டும் சொன்ன சொல்லு கேக்காது."

தொப்பூர் கணவாய் ஏறும்போது பூபதி தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஓசூர் வந்ததும் விழித்துக்கொண்டார்.

எட்டு மணிக்குப் பெங்களூரில் ஒரு பழைய ஓட்டல் வாசலில் வரிசையில் நின்றார்கள். உள்ளே இடம் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. மசால் தோசை வந்தது. தடிமனாக, பொன் நிறத்தில், உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே ஒரு கட்டி வெண்ணெயோடு. சௌந்திரம் சாம்பாரை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஏம்மிணி, இதுல வெல்லம் போட்டிருக்காங்க!"

"இங்க அப்படித்தான் அத்தை."

"பாயசத்துல பருப்புப் போடறது தெரியும். பருப்புல பாயசம் போடறது இப்பத்தான் பாக்கறேன்." சொன்னாளே தவிர, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பூபதி இந்த ஊரில் சாப்பிட்டது எல்லாம் ரிக்கு வண்டி நிழலில், சமையல்காரன் மண்ணெண்ணெய் அடுப்பில் பொங்கிய சோறும் கொள்ளு ரசமும்தான். இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தோசைக்காக நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. நின்று காப்பி குடிக்கிற கிழவர்களைப் பார்த்தார். இவர்களில் எத்தனை பேர் வீட்டுக் குழியில் தன் கை பட்டிருக்கும் என்று யோசித்தார்.

லால்பாக்கில் கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்தார்கள். சௌந்திரம் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, இது நம்மூர்ப் பக்கம் வருமா என்று கேட்டாள். பிறகு அந்தப் பாறைக்கு வந்தார்கள். தோட்டத்துக்கு நடுவே ஒரு குன்று போல வெறும் கல் கிடந்தது. அதன்மேல் சனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்திருந்த பலகையைக் கிருத்திகா படித்துச் சொன்னாள்.

"இந்தக் கல்லுக்கு முன்னூறு கோடி வருசம் ஆச்சாம் மாமா."

பூபதி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். குந்தி உட்கார்ந்து கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஓடியிருந்தது. தூளாகத்தான் இத்தனை வருடம் இதைப் பார்த்திருக்கிறார். முழுசாக, வெயிலில், மேலே வந்து கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஏனுங்க, கல்லுக்குக் காச்சலா அடிக்குது? தொட்டுப் பாக்கறீங்க!" என்று சௌந்திரம் கீழே இருந்து சத்தம் போட்டாள்.

"இதைத்தானே புள்ள இருபத்தெட்டு வருசம் குத்திட்டு இருந்தேன். கோவிச்சுக்கிச்சான்னு பாக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

விதான சௌதாவை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் ஒரு மிலிட்டரி ஓட்டல். அங்கேயும் வரிசை. ஆட்டுக்கறிக் குழம்போடு பந்து பந்தாக உருட்டி வைத்ததைப் பார்த்துச் சௌந்திரம் வாயில் கை வைத்தாள்.

"இது நம்மூட்டு ராகிக் களி! இதத் திங்கவா விடியக் காலம் எந்திரிச்சு வந்தோம்?"

"இங்க இதுக்குப் பேரு முத்தெ, அத்தை. ஃபேமஸ்."

"நான் பண்ணுனா உங்க மாமன் மூஞ்சியச் சுளிப்பாரு. இங்க நின்னு வாங்கித் திங்கறாரு பாரு."

பூபதி உருண்டையில் பாதியைத்தான் தின்றார். மணி இரண்டாகியிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, "சாமி, அந்த உத்தரஹள்ளிப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?" என்றார்.

காரில் போகும்போதும் காரணம் சொல்லவில்லை. ஓர் ஆஞ்சநேயர் கோயில், அதற்கு முன்னால் ஒரு அடிபம்பு, பின்னால் மூன்றாவது தெருவில் புங்கமரம் நிற்கிற வீடு. இதுதான் அடையாளம். அன்றைக்கு அந்த இடம் ராகிக் காடும் நாலு வீடும். இன்றைக்கு ஐந்து மாடிக் கட்டிடங்கள் தோளோடு தோள் இடித்து நின்றன. மூன்று ஆஞ்சநேயர் கோயில் இருந்தது. முதல் இரண்டும் அது இல்லை. மூன்றாவது கோயில் வாசலில் அடிபம்பின் அடித்தண்டு மட்டும், கைப்பிடி இல்லாமல், பூச்செடிக்குப் பக்கத்தில் நின்றது.

மூன்றாவது தெருவில் புங்கமரமும் நின்றது. வீட்டின்மேல் ஒரு மாடி புதிதாக எழும்பியிருந்தது. கேட்டில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது.

பூபதியின் கால் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. கிருத்திகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சௌந்திரம் அவர் முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், நேராகப் போய் அழைப்பு மணியை அழுத்தினாள். புருஷன் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாவிட்டாலும், உள்ளே போக ஒரு வழி வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் வந்து திறந்தாள். பெயர் கெம்பம்மா. பக்கத்தில் எல்லாம் தமிழ்க்காரர்கள் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசினாள். தன் கணவர் மைசூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். புள்ளைக்கு வீடு பார்க்கிறோம் என்று சௌந்திரம் கூசாமல் சொல்ல, கெம்பம்மா மாடியைத் திறந்து காட்டினாள். இரண்டு ரூம், காற்றோட்டம், பால்கனியில் புங்கமரக் கிளை. திரும்பக் கீழே வந்ததும் பூபதி முற்றத்து மூலையைப் பார்த்தார். மரத்துக்கு நாலடி தள்ளி, குழி வாயில் பதித்து மூடி போட்ட ஒரு கேசிங் பைப்பு ஒரு முழம் உயரத்துக்கு நின்றது. அதன்மேல் துளசித் தொட்டி.

"தண்ணி எப்படிங்கம்மா?" என்று கேட்டார். பெங்களூரில் வாடகைக்கு வருகிற எவரும் கேட்கிற கேள்விதான்.

"இப்போ காவேரி லைன் வருது, கவலையே இல்ல. முன்னாடி போர்தான். அது பெரிய கதை." கெம்பம்மா துளசித் தொட்டியின் இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "நான் கல்யாணமாகி வந்த ரெண்டாவது வருஷம் போட்டோம். இந்த மனை எங்க அப்பா எனக்குக் கொடுத்தது. அறுநூத்தி நாப்பது அடி போனாங்க. புகைதான். உங்க ஊர்ப் பக்கத்து ஆளுதான் போட்டார், திருச்செங்கோடு வண்டி. நேர்மையான மனுஷன். இதுக்கு மேல போட்டா வீண்னு அவரே நிறுத்திட்டார். மத்தவங்களா இருந்தா அடிக்கணக்குக் காசுக்காகப் போட்டுக்கிட்டே போயிருப்பாங்க. நான் தண்ணி கொடுத்தேன், அதுகூடக் குடிக்காமப் போயிட்டார் பாவம்."

சௌந்திரம் மெல்லத் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம்?" என்றார் பூபதி.

"அப்புறம் என்ன, பதினாலு மாசம் கோயில் முன்னாடி அடிபம்பில் அடிச்சுக் குடம் தூக்கினேன். அதுகூடப் பரவாயில்ல. எங்க அத்தை, என் மாமியார், ஒரு வார்த்தை சொன்னாங்க. இவ கொண்டுவந்த மண்ணும் காஞ்சது, இவ காலும் காஞ்சதுன்னு. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொன்னாங்க. எனக்கு அப்போ குழந்தையும் இல்ல." அவள் கதை சொல்லும் தோரணையிலேயே சொன்னாள், எத்தனையோ தடவை சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். "அடுத்த வருஷம் வேற வண்டி வந்துச்சு. அதே குழியில இறக்கினாங்க. அறுநூத்தி எண்பதுல தண்ணி. ரெண்டே ராடு. மரத்து உச்சி வரைக்கும் அடிச்சுச்சு."

பூபதி கேசிங் பைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெரிந்துகொண்டால் போதும் என்று நினைத்து வந்தது தெரிந்துவிட்டது. போதவில்லை.

"பேச்சுல ஒண்ணும் கொடுக்காம நிக்க வச்சிட்டேன்" என்று கெம்பம்மா உள்ளே போய் ஒரு தட்டில் மூன்று டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். சௌந்திரமும் கிருத்திகாவும் எடுத்துக்கொண்டார்கள். பூபதியின் கை தட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது.

"எனக்கு வேண்டாமுங்க."

"ஏன், வெயில்ல வந்திருக்கீங்க?"

"வழக்கமில்லீங்கம்மா."

கெம்பம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குப் பிடிபட வெகு நேரம் ஆகவில்லை.

பூபதி சொன்னார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். உள்ளங்கையில் ஒட்டிய ஈரம், லுங்கியில் துடைத்தது, கடைசிப் பஸ், விடிகாலைக் காதுகுத்து, தங்கைக்குத் தன்னைத் தவிரப் பிறந்த வீடு இல்லாதது. மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தார். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு ராடு போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கெம்பம்மா கேட்டாள்.

"ஒரு மணி நேரமுங்க."

"ஒரு மணி நேரம்." அவள் தட்டைத் துளசித் தொட்டி ஓரத்தில் வைத்தாள். "என் தங்கச்சி குழந்தைக்குக் காது குத்தணும், போயிட்டு வந்து போடறேன்னு சொல்லியிருந்தா, நாங்க என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போம்? ரெண்டு நாள் காத்திருக்க மாட்டோமா? பதினாலு மாசம் காத்திருந்தோமே!"

குழியில் ராடை நிறுத்திவிட்டுப் போனால் அதன் நுனியில் இருக்கிற சுத்தியல் சிக்கிக்கொள்ளும், மேனேஜர் ஏசுவான், வண்டிக்கு அடுத்த ஊர் காத்திருந்தது என்று பூபதி சொல்லலாம். எல்லாம் நிஜந்தான். ஆனால் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதும் நிஜம்.

"அந்தக் குழந்தை?"

"இவதானுங்க."

கிருத்திகா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றிருந்தாள். கெம்பம்மா அவள் கிட்டே போய் முகத்தைத் திருப்பிக் காதைப் பார்த்தாள். வெறுங்காது. வேலைக்குப் போகும்போது தலையில் மாட்டுகிற கருவி உறுத்துகிறது என்று தோட்டைக் கழற்றியவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"நான் பதினாலு மாசம் கொடம் தூக்கின காதும்மா இது. ஒரு தோடாவது போடக் கூடாதா?"

கிருத்திகாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "போட்டுக்கறேங்க" என்றாள்.

கெம்பம்மா பூபதி பக்கம் திரும்பி, "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். "எனக்குத் தெரியும், என் கால்ல ஒண்ணும் இல்லைன்னு. தண்ணி வந்த அப்புறமும் எங்க அத்தை ஒரு தடவைகூட வாயைத் திறந்து நான் சொன்னது தப்புன்னு சொல்லல. போன வருஷம் போயிட்டாங்க. தொண்ணூத்தொரு வயசு. அவங்க இருக்கும்போது வந்து சொல்லியிருக்கணும் நீங்க."

"இப்பச் சொல்றேனுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளித் திறந்தாள்.

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. பெரிய மூக்குத்தி, இறுக்கிய உதடு. பூபதி அதற்கு முன்னால் போய் நின்று கை கட்டிக்கொண்டார். தமிழ் அந்தம்மாளுக்குத் தெரியாது என்று கெம்பம்மா சொன்னதால், ரிக்கு வண்டியில் கற்றுக்கொண்ட ஓட்டைக் கன்னடத்தில் பேசினார். அதில் ராடும் அடியும் கல்லும் தண்ணீரும்தான் அவருக்கு ஒழுங்காக வரும். தண்ணீர் இருந்தது, நான்தான் பொய் சொன்னேன், இந்தம்மா காலிலும் குற்றம் இல்லை, மண்ணிலும் குற்றம் இல்லை என்கிற அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. "தப்பாயித்து அம்மா" என்று முடித்தார். அரைக் காதுக்காரரின் குரல். தெருவில் காய் விற்கிற வண்டிக்காரன்கூட நின்று கேட்டான்.

கெம்பம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணை ஒரு தடவை ஒற்றினாள். வெளியே போய்த் துளசித் தொட்டியில் வைத்த டம்ளரை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

பூபதி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பழக்க தோஷத்தில் முதல் மிடறை நாக்கில் வைத்து ருசி பார்த்தார்.

"அது போர்த் தண்ணி இல்ல" என்றாள் கெம்பம்மா. "அந்த போர் காஞ்சு ஏழு வருஷம் ஆச்சு."

"எத்தனை வருசம் ஓடுச்சுங்க?"

"பதினாறு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பதினாறு வருடம் ஓடிய தண்ணீரை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை.

"உக்காருங்க, காப்பி போடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கிருத்திகா கைப்பேசியைப் பார்த்து, "மாமா, மணி நாலே கால். இப்பக் கிளம்பினாத்தான் அஞ்சே கால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். ட்ராஃபிக் வேற" என்று மெல்லச் சொன்னாள்.

பூபதி சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "போனாப் போகுது சாமி" என்றார். "ஒரு பஸ்ஸுக்கு ஓடுனது போதும்."

காலையிலிருந்து எருமை எருமை என்று உயிரை எடுத்த சௌந்திரம் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்துக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து எண்ணைத் தேடினாள்.

"அலோ, முத்தாயாளா? நாந்தான். நாளைக் காலையிலயும் நீயே கறந்துக்க. ஆமா, இங்க ஒரு ஒறம்பரை ஊட்டுல இருக்கறோம். எந்தச் சொந்தமா? வந்து சொல்றேன். என்னது, ஒதச்சுதா? ஒதைக்கட்டும். வாங்கிக்க."

அடுப்படியில் காப்பி மணந்தது.